நிலமற்றோரின் இழப்பு



தொழில் வளர்ச்சியை நாம் வெறுப்பவர் அல்லர். 1956-இல் தோன்றிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் நாடு மின்னொளி பெற்றது. ஆனால், சுரங்கத்திற்கென வயல்கள் கையகப்படுத்தப்பட்டபோது, 1894-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் உரிமையுடையோர்க்கே இழப்பீடு வழங்கியது. நடவும் அறுப்பும் ஒருங்கே இழந்த கூலி உழவர்க்கு அதில் இடமில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டமோ, கையகப்படுத்துமுன் மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதனையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட நிலமற்ற குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆயினும், வயற்கூலிக்குச் சீட்டு ஏது? ஆகவே, கற்ற இளைஞர்களே! வீடுதோறும் சென்று, எவர் வயலில் யார் எத்தனை ஆண்டு உழைத்தனர் என்று எழுதி வையுங்கள். அலுவலர் கணக்கெடுக்கும் நாளில் ஒரு பெயரும் விடுபடலாகாது. நாம் பெற்ற கல்வி அதற்கும் உதவட்டும்.