தெளிந்த நீரும் தூய நீரும்



குழாயில் வரும் நீர் தெளிந்து காணப்பட்டால் அது தூயது என்றும், குளோரின் கலந்துவிட்டால் அச்சமில்லை என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் போதாது என்பதை, நாம் பிழைக்க வந்து வாழும் இத்தில்லி மாநகரே உலகிற்கு உணர்த்தியது.

1955ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வெள்ளத்திற்குப் பின் யமுனையின் போக்கு மாறியது. நகரின் கழிவைச் சுமந்துவரும் நஜஃப்கர் கால்வாயின் நீர், வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்திற்குள் புகுந்தது. அதனையறிந்த பொறியாளர் குளோரினை மிகுதியாகச் சேர்த்தனர். டைபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெருகவில்லை. ஆயினும், சில வாரங்கள் கழித்து, ஏறத்தாழ 29,000 பேரை மஞ்சட்காமாலை பற்றியது. கருவுற்ற பெண்டிரை அது மிகக் கொடுமையாகத் தாக்கியது.

காரணம் யாது? சேர்த்த குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றது. வைரஸை முற்றும் அழிக்க அது போதவில்லை. அந்நோய்க்குக் காரணமானது ஹெபடைட்டிஸ் ஈ என்னும் வைரஸ் எனப் பல்லாண்டுகளுக்குப் பின்னரே புலனாயிற்று.

செல்வம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், வடிகட்டிக் குளோரின் கலந்த நீரையே பருகியும் நான்கு இலட்சம் பேர் வயிற்றுப்போக்குற்றனர். வடிகட்டியைக் கடந்துவந்த கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் குளோரினுக்கு எளிதில் மடிவதன்று.

ஆகவே, கழிவு நீருடன் கலவாமல் காப்பதே முதற் காவல், வடிகட்டுதல் அடுத்தது, குளோரின் கடைசிக் காவலே. முதற் காவல் நீர்நிலையோடு முடிவதன்று. நம் வீட்டு வாயில் வரை தொடர்வது.

குழாயில் நீரோட்டம் நின்ற வேளையில், அதிலுள்ள சிறு விரிசல் வழியே அருகிலுள்ள சாக்கடை நீர் உட்புகக்கூடும். வழங்கு குழாயில் நேரே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சினால் இவ்விடர் பன்மடங்காகும். நாம் ஒருவர் விரைந்து நீர் பெற, அண்டை வீட்டார் அனைவரும் நோய் பெறுவர். ஆர்.கே.புரம் போன்ற அடுக்கு வீடுகளில் பொதுத் தொட்டிகளை மூடி வைத்தலும், காலந்தோறும் கழுவுதலும் நம் அனைவர் பொறுப்பு.

நீரில் நாற்றமோ நிறமாற்றமோ கண்டால் உடனே குடிநீர் வாரியத்திற்குத் தெரிவிப்போம். சீராகும்வரை, நீர் நன்கு கொதித்துக் குமிழியிட்டபின் ஒரு நிமிடமேனும் வைத்திருந்து ஆற்றிப் பருகுவோம். வீட்டில் கருவுற்ற பெண் இருப்பின் இதில் சிறிதும் தளர்தல் கூடாது.