குழந்தையின் பார்வையும் நமது பொறுப்பும்



நூற்றாண்டு காணும் நமது பாடசாலையில் கற்று இன்று வைத்தியர்களாகப் பணிபுரியும் நாங்கள், பேசத் தொடங்காத குழந்தைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அது நகரை அண்டிய பகுதியொன்றில் நடந்த ஆய்வு. பசறை, நமுனுகுல, மடுல்சீமை லயங்களில் நடந்ததல்ல. நம் தோட்டங்களில் அத்தகைய குழந்தைக்குச் "சாதுவான பிள்ளை" என்று பெயர். பிள்ளைக்காம்பராவின் மூலையில் தொந்தரவின்றி இருக்கும். பதுளைக்குக் கூட்டிவந்தால் தாய்க்கு ஒருநாள் பேர் போய்விடும்.

இன்று கண் அசைவைப் பதியும் கருவிகள் வந்துள்ளன. பிள்ளை திரையில் படம் பார்க்கும்போது, அகச்சிவப்பு ஒளி கண்ணில் பட்டுத் தெறிப்பதைக் கமரா பிடித்து, பிள்ளை எங்கே பார்க்கிறது என்பதை வினாடிக்குப் பல தடவைகள் குறித்துக்கொள்ளும். பிள்ளை பேச வேண்டியதில்லை.

வோரன் ஜோன்ஸ், அமி கிளின் ஆகியோர் 2013இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதியது முக்கியமானது. பின்னாளில் ஓட்டிசம் எனக் கண்டறியப்பட்ட குழந்தைகளும் தொடக்கத்தில் மற்றவர் கண்களைப் பார்த்தார்கள். 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில்தான் அது குறையத் தொடங்கியது.

2023இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அமெரிக்காவின் 6 சிறப்பு நிலையங்களில் 475 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். நிபுணர்கள் ஓட்டிசம் எனக் கண்டவர்களில் 71 வீதமானோரைக் கருவி இனங்கண்டது; எஞ்சியோரைத் தவறவிட்டது. ஆகவே கருவி துணையே தவிர, தீர்ப்பு அல்ல. டெல்லியில், நிபுணரல்லாத பணியாளர்கள் சாதாரண டப்லெட்டை வீடுகளுக்கே கொண்டுசென்று பரீட்சித்துள்ளனர். நம் தோட்டங்களுக்குப் பொருந்தும் வழி அதுவே. ஆனால் திரையில் நம் முகங்களும் நம் பேச்சும் இருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முன்பள்ளி ஆசிரியைகளாகவும் பிள்ளைப் பராமரிப்பு உத்தியோகத்தர்களாகவும் இருக்கும் சகோதரிகளே, கவனியுங்கள். பெயர் சொன்னால் திரும்புகிறதா? விரலால் சுட்டிக் காட்டுகிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? ஒன்றரை வயதில் இவை இல்லையெனில், குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே தெரிவியுங்கள்.

அந்தத் தாயின் ஒருநாள் பேரையும் பஸ் கட்டணத்தையும் நமது சங்கம் நூற்றாண்டு நிதியிலிருந்து ஏற்குமாயின், அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை எனக் கருதுகிறோம்.