குறி சுடும் உரிமை எவருக்கு?
(கதிரவெளிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கட்டாக்காலி மாடு வயலில் இறங்கிப் பயிரை அழித்தால் நாம் முதலிற் பார்ப்பது அதன் தோலில் சுட்ட குறியை அன்றோ? குறியைக் கொண்டு உடையவனை அறிகிறோம். அவனிடம் அழிவுக்கு ஈடு கேட்கிறோம். இன்று நாம் பேச வந்ததும் ஒரு குறியைப் பற்றியே.

இணையத்தளம் ஒன்றை நாடும் கோரிக்கையின் தலைப்பில், கேட்பது இன்ன மென்பொருள் எனக் கூறும் வரியொன்று செல்கிறது. 'யூசர் ஏஜென்ற்' என்பது அதன் பெயர். மழை அறிவித்தலையோ வர்த்தமானியையோ நாள்தோறும் தானாக எடுத்துவர நம்மூர் வாலிபன் ஒருவன் நிரல் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவ்வரியில் அவன் எதுவும் எழுதாது விட்டால், அவன் கையாண்ட கருவி 'பைதன் றிக்குவெஸ்ற்ஸ்' என்பது போலத் தன் பெயரையே பொறித்துவிடும். அதே கருவியை உலகெங்கும் எண்ணற்றோர் கையாளுகின்றனர். அவர்களுள் ஒருவன் ஒரு தளத்தை ஓயாது தட்டி முடக்கினால், தளத்தார் அப்பெயரையே மறித்துவிடுவர். எல்லாப் பட்டிகளுக்கும் ஒரே குறியைச் சுட்டுவிட்டு, ஒரு மாடு செய்த அழிவுக்காக ஊர்ப் பட்டிகள் யாவற்றையும் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, தன் நிரலின் பெயரைத் தானே எழுதும் அதிகாரம் எழுதியவனுக்கே இருத்தல் வேண்டும் என்கிறோம். இது புதுமையான கோரிக்கையன்று. 1996ஆம் ஆண்டு வெளியான எச்.ரி.ரி.பி. விதிமுறையிலேயே அவ்வரிக்கு இடமுண்டு. 2022ஆம் ஆண்டின் விதிமுறையோ, தானியங்கி நிரல்கள் தம்மை இயக்குவோரின் மின்னஞ்சல் முகவரியையும் வேறொரு வரியில் தரல்வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனமும் நிரலின் பெயரையும் தொடர்பு முகவரியையும் கேட்கிறது. கருவி செய்வோர் அவ்வரியைப் பூட்டி வைத்தால், விதிப்படி நடக்க விரும்புகிறவன் எங்ஙனம் நடப்பான்?

"பெயரை மாற்றவிட்டால் கள்ளன் நல்லவன் பெயரில் வருவானே" என்பர். வருவான், இப்போதும் வருகிறான். ஆனால் பெரிய இடத்துக் கதையையும் கேளுங்கள். 1990களில் நெற்ஸ்கேப் உலாவி 'மொசில்லா' என்ற பெயரில் உலாவிற்று. சில தளங்கள் தம் சிறந்த பக்கங்களை அப்பெயருக்கே வழங்கின. உடனே மைக்ரோசொஃப்ற் கம்பனி தன் இன்ரநெற் எக்ஸ்புளோரரையும் மொசில்லா என்றே சொல்லவைத்தது. இன்றும் குரோம் உலாவியின் வரி 'மொசில்லா' என்றே தொடங்குகிறது! பிறன் குறியைத் தம் மாட்டுக்குச் சுட்ட பெரியவர்களே, உலாவிக்குள் ஓடும் நிரல்கள் அவ்வரியை மாற்றக்கூடாதென நெடுங்காலம் தடுத்தும் வைத்திருந்தனர்.

நாம் பொய்ப்பெயருக்கு வாதாட வரவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினியை அணுகுவதைத் தண்டிக்கிறது. மறித்த வாயிலை மாற்றான் பெயரிற் கடந்தவனுக்காக மன்றில் நின்று பேசுவது எந்தச் சட்டத்தரணிக்கும் இலகுவன்று. சொந்தப் பெயருடன் சென்று மறிக்கப்பட்டவனோ நிமிர்ந்து நின்று காரணம் கேட்கலாம்.

ஆதலால் தம்பிமாரே, நிரலின் பெயரையும் உங்கள் மின்னஞ்சலையும் அவ்வரியில் முதல் வேலையாக எழுதுங்கள். தளத்தார் மறித்தால் காரணம் கேட்டு எழுதுங்கள். அது அரச அலுவலகத்தின் தளமாயிருந்து பதிலும் வராவிடின், 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதித்தர நாம் இருக்கிறோம்.