ஈட்டா கரினேயைச் சூழ்ந்த ஒளிமேகம்

தென்வானில் கரினா விண்மீன் குழுவில், பூமியிலிருந்து சுமார் 7,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது ஈட்டா கரினே. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு பெரும் விண்மீன்கள் சேர்ந்ததே இது. சூரியனைப்போல் சுமார் 50 லட்சம் மடங்கு ஒளி உமிழ்கிறது.

1843-இல் இதன் ஒளி மிகுந்து, இரவு வானில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான விண்மீனாகத் தெரிந்தது. அந்தச் சீற்றத்தில் குறைந்தது பத்துச் சூரியன்களின் நிறையுள்ள பொருள் வெளியே வீசப்பட்டது. ஆனாலும் விண்மீன் அழியவில்லை. வெளியேறிய வாயுவும் தூசியும் இரு குமிழ்களாக விரிந்து ஹோமன்குலஸ் நெபுலா ஆயின. அந்தத் தூசி மறைத்ததால் விண்மீன் பின்னர் வெறுங்கண்ணுக்குத் தெரியாதபடி மங்கியது.

நெபுலா ஒளிர்வது, உள்ளிருக்கும் விண்மீனின் வெளிச்சத்தைத் தூசி சிதறடிப்பதால்தான். குமிழ்கள் விநாடிக்குச் சுமார் 650 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் விரிகின்றன.