இரத்தச் சீட்டும் ஜாதகச் சீட்டும்
(வடகரைக் கூட்டத்தில் பேசியது)



ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், இந்த வடகரையில் மாத்திரமல்ல, எவ்வூரிலும் முதலில் எழுகின்ற பேச்சு "எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்பதேயாகும். அடுத்தபடி, குற்றாலத்து அருவியில் குளித்தால் தீரும் என்று யோசனை சொல்லப் பலர் வந்துவிடுகின்றார்கள். குளிப்பதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை, சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அருவி தோலை நனைக்குமேயொழிய இரத்தத்துக்குள் போகுமா?

இரத்தத்தில் நடப்பது வேறு. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நொதி என்னும் என்சைம்கள் வேலை செய்கின்றன. தோசை மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகளுக்குள் வேலை செய்வதும் இந்த ஜாதிதான். (ஜாதி என்றதும் பயப்படாதீர்கள், இதில் மேல் கீழ் இல்லை.) உயிரணு உடைந்தாலும், கட்டு மீறிப் பெருகினாலும் இவை இரத்தத்தில் அதிகமாகக் கசியும்.

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கின்றது. அதில் தோன்றிய புற்று எலும்புக்குப் பரவியவர்களின் இரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி ஏறியிருப்பதை 1938ல் அமெரிக்காவில் கட்மன் என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். 1941ல் ஹக்கின்ஸ், ஹாட்ஜஸ் என்பவர்கள் விதைகளை அகற்றியும், பெண் ஹார்மோன் கொடுத்தும் அந்த அளவு இறங்குவதை அளந்து காட்டினார்கள். ஹக்கின்சுக்கு 1966ல் நோபல் பரிசும் கிடைத்தது. முன்ஜென்மப் பாவமாயிருந்தால் கத்திக்கும் மருந்துக்கும் இறங்குமா? தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பாவக்கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1954ல் அடையாற்றில் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்.

ஆனால் தோழர்களே, பழைய மூடநம்பிக்கையை விட்டவர்களில் சிலர் புதியதொன்றைப் பிடித்துக்கொள்ளுகின்றார்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டை ஜாதகம்போல் படிக்கின்றார்கள். எல்.டி.எச். என்னும் நொதி ஏறியிருந்தால் வீட்டில் ஒப்பாரி! அது நிணநீர்ப் புற்றிலும், சில இரத்தப் புற்றுகளிலும் ஏறுவது வாஸ்தவந்தான். மாரடைப்பிலும், கல்லீரல் வீக்கத்திலுங்கூட ஏறும். அவ்வளவு ஏன், எடுத்த இரத்தம் குழாய்க்குள்ளேயே சிதைந்துபோனாலும் ஏறும்! இப்போது புராஸ்டேட்டுக்கு அளக்கும் பி.எஸ்.ஏ.யும் ஒரு நொதிதான். புற்றில்லாத வெறும் வீக்கத்திலும் அது கூடும்.

ஒப்பாரியைவிடக் கெடுதலானது மற்றொன்று. சீட்டில் எல்லாம் சரியாயிருக்கின்றதென்று, கன்னத்தில் புண்ணை வைத்துக்கொண்டே புகையிலை அடக்குகிறவர்கள் இருக்கின்றார்கள். கட்டி சிறிதாயிருக்கும்போது இரத்தத்தில் ஒன்றுமே தெரியாமலிருக்கலாம். சதைத் துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் பெரும்பாலும் புற்றா, அல்லவா என்று முடிவு செய்கின்றார்கள். நொதியின் அளவு, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கின்றது, மருந்து வேலை செய்கின்றதா என்பவற்றைக் காண உதவும்.

ஆகவே மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணோ, மார்பில் கட்டியோ உள்ளவர்கள் தென்காசி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீட்டை மாத்திரம் நீட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். புண்ணைக் காட்டுங்கள், சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரை வாய்விட்டுக் கேளுங்கள்.