கார்லோட்டாவின் தோட்டம்



இத்தாலிக்குச் சென்ற நண்பர் ஒருவர் எனக்கொரு பட அட்டை அனுப்பியிருந்தார். ஏரிக்கரையில் ஒரு மாளிகை. பின்னே மலைச்சரிவெங்கும் பூக்கள். 'வில்லா கார்லோட்டா' என்று மட்டும் எழுதியிருந்தார். யார் இந்தக் கார்லோட்டா? தேடிப் படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கோமோ ஏரியின் மேற்குக் கரையில், ட்ரெமெட்சோ என்னும் ஊரில் நிற்கிறது அம்மாளிகை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரத்துக் கிளெரிச்சி என்ற பிரபு குடும்பம் கட்டியது. 1801 இல் சொம்மாரிவா என்ற அரசியல்வாதி அதை வாங்கினார். இத்தாலியக் குடியரசின் உப ஜனாதிபதிப் பதவி தமக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க, நெப்போலியனோ 1802 இல் அதை மெல்சி என்பவருக்கு வழங்கிவிட்டார். போதாததற்கு அந்த மெல்சி எதிர்க்கரையில், பெலாஜியோவில், தாமும் ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டார்! சொம்மாரிவா அரசியலை விட்டுச் சிற்பங்களைச் சேர்க்கத் தொடங்கினார். மகா அலெக்சாந்தர் பாபிலோனுக்குள் நுழையும் காட்சியை டென்மார்க் சிற்பி தோர்வால்சன் சலவைக்கல்லில் வடித்த சிற்பத்தொடர் இன்றும் அங்கிருக்கிறது. நெப்போலியனுக்காகத் தொடங்கிய வேலை அது. அவர் வீழ்ந்தபின் சொம்மாரிவா அதைத் தமதாக்கிக்கொண்டார். பதவி கிடைக்காதவர்கள் எல்லோரும் இப்படிக் கலையின் பக்கம் திரும்பினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1843 இல் நெதர்லாந்து இளவரசி மரியான் மாளிகையை வாங்கினார். 1850 இல் மகள் சார்லட்டை ஜேர்மனியின் மைனிங்கன் அரச குடும்பத்து ஜோர்ஜுக்கு மணமுடித்துக் கொடுத்தபோது இதுவும் சீதனமாகச் சென்றது. சார்லட் என்ற பெயர் இத்தாலிய மொழியில் கார்லோட்டா ஆயிற்று. ஐந்து ஆண்டுகள்தாம். 1855 மார்ச் 30 ஆம் திகதி, நான்காவது பிரசவத்தோடு அவள் கண்மூடினாள். வயது இருபத்துமூன்று.

ஜோர்ஜ் 1914 வரை வாழ்ந்தார். நாடக அன்பர்கள் அறிந்த பெயர்தான் அது. மைனிங்கன் நாடகக் குழுவை வளர்த்தெடுத்த கோமகன் இவரே. மேடையில் கூட்டமாக நிற்பவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அசைவு வகுத்தவர். 1890 இல் மொஸ்கோவில் அக்குழுவின் நாடகங்களைப் பார்த்து வியந்தவர்களுள் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் ஒருவர். தாவரங்களில் அவருக்குப் பெரும் பற்று. 400 மீற்றருக்கு மேல் ஆழமான ஏரி குளிர்காலத்தின் கடுமையைத் தணிப்பதால், ஆல்ப்ஸ் அடிவாரமாயினும் அங்கே எலுமிச்சையும் விளைகிறது. நமது நுவரெலியா மலைகளில் செந்நிறமாய்ப் பூக்கும் றோடோடென்ட்ரனின் உறவுச் செடிகளையும், அசேலியாக்களையும் அவர் சரிவெங்கும் பெருக்கினார். இன்று 150க்கும் மேற்பட்ட வகைகள் அங்குள்ளன.

இறந்த மனைவியின் நினைவாகவே இவற்றை நட்டார் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். துணிவு வரவில்லை. அவர் பின்னர் இருமுறை மணம் செய்துகொண்டவர். துயரம் எது, பொழுதுபோக்கு எது என்று நாம் எப்படிப் பிரித்தறிவது? ஆனால் பெயரை அவர் மாற்றவில்லை. முதலாம் உலகப் போரின் பின், ஜேர்மானியரின் சொத்தென்று இத்தாலிய அரசு அதைக் கையகப்படுத்தியது. 1927 முதல் அதற்கென அமைந்த நிறுவனமொன்று பராமரிக்கிறது. அப்போதும் பெயர் மாறவில்லை.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் அசேலியாக்கள் பூக்கும். என் மேசைமீதுள்ள அட்டையில் இருப்பவையும் அவைதாம். மண்ணிறமே தெரியாதபடி சரிவு முழுவதும் சிவந்து கிடக்கிறது. இப்படியொரு கோலத்தில் அந்தப் பெண் அதைப் பார்த்ததில்லை.