யாய், ஞாய், தாய்



பெற்றவளைக் குறிக்கும் பழஞ்சொற்களைக் கவிஞர் பலர் பாட்டுக்கு அணியாகக் கொள்கின்றனர். அச்சொற்களோ அணிக்காகப் பிறந்தவை அல்ல. உறவு நிற்கும் இடத்தைச் சுட்டப் பிறந்தவை.

யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் இம்முறையினவே. செம்புலப்பெயல்நீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாட்டில், இரு குடும்பத்திற்கும் முன்னுறவு இல்லை என்பதைத் தலைவன் யாய், ஞாய் என்னும் இரு சொற்களால் உணர்த்துகிறான். 'என்', 'உன்' என்னும் அடைகள் அங்கே வேண்டப்படவில்லை. பிற்காலத்தில் அவ்விரண்டும் வழக்கொழிந்தன. படர்க்கைக்குரிய தாய் என்பதே பொதுச்சொல்லாயிற்று.

அன்னை என்பதும் பெற்றவளுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. அகப்பாட்டில் செவிலியும், தோழியும், தலைவியும்கூட 'அன்னாய்' என விளிக்கப்படுவதுண்டு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே பெற்றவள் ஆத்தா. மழை தரும் மாரியும் ஆத்தா. திருச்சுழித் திருமேனிநாதருடன் உறையும் தேவி துணைமாலையம்மை. காரைக்காற் பேயாரை இறைவன் அம்மை என்றே அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். வீட்டுச்சொல்லே இங்குக் கோயிற்சொல்லும் ஆகிறது.

திருச்சுழியில் 1879இல் இரமணரைப் பெற்றவர் அழகம்மாள். 1898இல் அவர் திருவண்ணாமலைப் பவளக்குன்றுக்குச் சென்று மகனை வீடு திரும்ப வேண்டினார். மௌனத்தில் இருந்த மகன் எழுதிக் கொடுத்த மறுமொழியில் தாயை விளிக்கும் சொல் ஒன்றும் இல்லை. ஊழின் வழியே யாவும் நிகழும் என்பதே அதன் கருத்து. 1914இல் அன்னை காய்ச்சலுற்றபோது அம்மகனே அருணாசலத்தை வேண்டிப் பாடினார். 1922இல் அன்னை மறைந்தபின், அவர் சமாதியில் நிறுவிய இலிங்கம் மாத்ருபூதேஸ்வரர் எனப் பெயர் பெற்றது. தாயாய் நின்ற ஈசன் என்பது பொருள். மடலில் இடம்பெறாத உறவு, கோயிலின் பெயராயிற்று.

எனவே பாட்டில் தாயைச் சொல்லுமுன், யாருடைய தாய், அழைப்பவர் யார் என்பதைக் கவிஞர் எண்ண வேண்டும். பருத்தி எடுத்து வரும் ஆத்தாவை 'அன்னையே' என விளித்தால் ஓசை பெருகும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

ஆத்தா என்னும் விளியும் இன்று 'அம்மா'வுக்கும் 'மம்மி'க்கும் இடம்விட்டு வருகிறது. யாயும் ஞாயும் சென்ற வழி அது. அவ்விரண்டையும் இன்றளவும் காத்தது பாட்டு. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள், தம் ஊர்ச்சொல்லுக்கும் அவ்வாறே பாட்டில் இடம் தருவார்களாக.